அத்தாச்சியின் சேலையிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: எனக்கு 52 வயது. திருமங்கலத்தில் இருக்கிறேன். அப்பா மதுரையில் மில் வேலை பார்த்தவர். அவர் தவறி இரண்டு வருஷம் ஆகிறது. அவருடைய டிரங்குப் பெட்டிக்குள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய பழைய போட்டோக்கள் இருந்தன. எண்ணிப் பார்த்தால் 140-க்கு மேல். பெரிய ஸ்கிராப்புக் ஒன்று வாங்கி, படங்களை ஒட்டி, பக்கத்திலேயே அதன் கதையையும் எழுதிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆசை. முதல் படம் தமுக்கம் சித்திரைப் பொருட்காட்சியில் எடுத்தது. கருப்பு வெள்ளை. அட்டையில் செய்த விமானத்துக்குள் அம்மாவும் நானும் தம்பியும் உட்கார்ந்திருப்போம். "1981 சித்திரைப் பொருட்காட்சி. அம்மா, நான், தம்பி. மறக்க முடியாத இனிய நாள்" என்று எழுதினேன். அதற்கு மேல் ஒரு வரி ஓடவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த நாள் நினைவிலேயே இல்லை. அம்மாவுக்கு 79 வயது. அவரிடம் காட்டினேன். "மாநாடு முடிஞ்ச சித்திரையில எடுத்தது. இந்தச் சேல என்னுது இல்ல, அத்தாச்சி சேல. அன்னைக்கு ஒரு நாளைக்குக் கட்டிக்கிறேன்னு வாங்கிட்டுப் போனேன்" என்றார். இதையெல்லாம் எழுதலாமா? இன்னொன்று. என் சடங்கு வீட்டில் எடுத்த படத்தில் சித்தப்பாவின் முகத்தை யாரோ பிளேடால் சுரண்டியிருக்கிறார்கள். பங்குத் தகராறு, 30 வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அந்தப் படத்தை வைப்பதா, விடுவதா? பள்ளிக்கூடக் கட்டுரைக்குப் பிறகு நான் எதுவும் எழுதியதில்லை. ஒரு வழி சொல்லுங்கள்.

– வாசகி, திருமங்கலம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

"இதையெல்லாம் எழுதலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதைத்தான் எழுத வேண்டும். உங்கள் கடிதத்தில் அம்மா பேசிய இடம் வந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏன் இரவல் வாங்க வேண்டி வந்தது, கேட்டதும் கொடுத்த அந்த அத்தாச்சி எப்படிப்பட்டவர், திருப்பிக் கொடுக்கும்போது என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேள்விகள் வரிசையாக வந்து நின்றன. "மறக்க முடியாத இனிய நாள்" என்ற வரியைப் படித்தபோது ஒரு கேள்வியும் வரவில்லை. அந்த வரியை எந்தப் படத்துக்குக் கீழே வேண்டுமானாலும் எழுதலாம், யார் வீட்டு ஆல்பத்தில் வேண்டுமானாலும் எழுதலாம். அத்தாச்சி சேலை உங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது.

எழுதிப் பழக்கமில்லை என்று வருந்துகிறீர்கள். எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. நீங்கள் இன்னும் கேட்டு முடிக்கவில்லை, அதனால் எழுத வரவில்லை. நினைவில் இல்லாத ஒரு நாளைப் பற்றி யாரால்தான் எழுத முடியும்? கையில் சரக்கு இல்லாதபோதுதான் "இனிய நாள்", "பசுமையான நினைவு", "பொன்னான தருணம்" என்ற கட்டுரை நோட்டு வார்த்தைகள் வந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். சரக்கு அம்மாவிடம் இருக்கிறது. பேனாவை மூடி வைத்துவிட்டு முதலில் அம்மாவிடம் போங்கள்.

மதுரையில் குடும்பக் கதைகளைக் கேட்டு, படங்களோடு புத்தகமாகத் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். இந்தத் தொழிலுக்கு நான் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் அப்பத்தாவின் படங்களை எல்லாம் ஒழுங்காக ஸ்கேன் செய்து, எண் போட்டு, இரண்டு இடத்தில் சேமித்து வைத்தேன். அதில் ஒன்றில் அப்பத்தா வண்டியூர் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்திருப்பார். மடியில் ஒரு பெண் பிள்ளை. அது யார் பிள்ளை என்று அப்பத்தாவிடம் கேட்க எனக்கு முழுதாக மூன்று வருஷம் இருந்தது. அப்புறம் கேட்கலாம், அப்புறம் கேட்கலாம் என்று இருந்துவிட்டேன். அப்பத்தா போன பிறகு உறவில் ஒருவர் விடாமல் காட்டிப் பார்த்தேன். யாருக்கும் தெரியவில்லை. பிள்ளையின் கால் கொலுசு வரை அந்தப் படத்தில் தெளிவாகத் தெரிகிறது, பெயர்தான் இல்லை. அதை இன்றைக்கும் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. உங்களிடம் இவ்வளவு வற்புறுத்திச் சொல்வது அதனால்தான்.

டப்பாவை அப்படியே கொண்டுபோய் அம்மா முன்னால் கவிழ்த்துவிடாதீர்கள். அத்தனை படமும் ஒரே நாளில் கையில் கிடைத்தால், பெரியவர்கள் "இது அவன், இது அவ" என்று மளமளவென்று புரட்டி முடித்துவிடுவார்கள். இல்லையென்றால் அப்பா படம் வந்ததும் மனசு கனத்துப்போய் எழுந்துவிடுவார். ஒரு நாளைக்கு ஒரு படம் போதும், மிஞ்சினால் இரண்டு. அந்தப் படத்தை ஸ்கேன் செய்து ஏ4 தாளில் பெரிதாகப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். பொருட்காட்சிப் படங்கள் பெரும்பாலும் உள்ளங்கை அளவுதான் இருக்கும். வயதான கண்ணுக்கு அதில் முகம் தெரிவதே சிரமம். பெரிதாக்கிவிட்டால் வளையலும் தெரியும், பின்னால் வரிசையில் நிற்பவரும் தெரிவார். மத்தியானம் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்து, காபி குடிக்கிற நேரம் நல்ல நேரம். வீட்டில் டிவி ஓடக் கூடாது.

"இது எந்த வருஷம்?" என்று ஆரம்பிக்காதீர்கள். அது பரீட்சைக் கேள்வி. "ஞாபகமில்லையே" என்று பதில் வந்தால் பேச்சு அத்தோடு நின்றுவிடும். கண்ணில் படுகிற பொருளைப் பிடித்துக் கேளுங்கள். அந்தச் சேலை என்ன நிறம்? கருப்பு வெள்ளைப் படத்தில் இருக்கும் ஒரு சேலையின் நிறம், கட்டியவருக்கும் கொடுத்தவருக்கும் மட்டும்தான் தெரியும். அம்மா சொல்லி நீங்கள் எழுதாவிட்டால் அது மாம்பழ மஞ்சளா, கத்தரிப்பூ நிறமா என்று உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரிய வழியே இல்லை. காதில் கிடப்பது யார் தோடு? பொருட்காட்சிக்கு எதில் போனார்கள்? விமானத்தில் உட்கார்ந்து எடுக்க எவ்வளவு கேட்டார்கள், பேரம் பேசியது யார்? தம்பி அழுதானா? போட்டோவை வாங்க மறுபடி ஒரு நாள் போக வேண்டியிருந்ததா? ராத்திரி வீட்டுக்கு வந்து என்ன சாப்பிட்டீர்கள்? இப்படிச் சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேளுங்கள். அந்த வருஷம் அழகர் என்ன பட்டு உடுத்தி ஆற்றில் இறங்கினார் என்றும் கேட்டுப் பாருங்கள். பச்சைப் பட்டு என்றால் வெள்ளாமை செழிக்கும் என்று பார்த்துப் பார்த்துச் சொல்கிற ஊர் இது. பெண்டு பிள்ளைகள் பெயர் மறந்துபோனவர்களுக்குக்கூட அழகர் பட்டு ஞாபகம் இருக்கும். ஆற்றில் தண்ணீர் ஓடியதா, மணலில் நடந்து போனீர்களா என்று அடுத்த கேள்வி தானாக வரும்.

கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அம்மா யோசிக்கும்போது நடுவில் புகுந்து நீங்களே பதிலை எடுத்துக் கொடுக்காதீர்கள். நல்ல விஷயங்கள் எப்போதும் ஒரு மௌனத்துக்குப் பிறகுதான் வருகின்றன.

அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். எழுதிக்கொண்டே கேட்டால், நீங்கள் எழுதி முடிக்கட்டும் என்று அம்மா பேச்சை நிறுத்தி நிறுத்திச் சொல்வார், பேச்சின் ஓட்டம் போய்விடும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முதலில் "படம் ஒன்று, இன்ன தேதி" என்று நீங்களே சத்தமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பதிவுகள் இருபது முப்பது சேர்ந்த பிறகு எது எந்தப் படத்துக்கு என்று தேடி அலைய வேண்டியிருக்காது. இருபது நிமிஷம் தாண்ட வேண்டாம். அம்மா கண் கலங்கினால் போனை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள், அன்றைக்கு அவ்வளவுதான். அவர் சொல்வதை "இல்லம்மா, அது அப்படி இல்ல" என்று திருத்த வேண்டாம். தம்பி வேறு மாதிரி சொன்னால் அதையும் கேட்டு வைத்துக்கொண்டு, "அம்மா இப்படிச் சொல்கிறார், தம்பி இப்படிச் சொல்கிறான்" என்று இரண்டையும் எழுதுங்கள். ஒரே வீட்டில் ஒரே நாளை இரண்டு பேர் இரண்டு மாதிரி வைத்திருப்பதும் உங்கள் குடும்பக் கதைதான்.

வருஷக் கணக்கு. "மாநாடு முடிஞ்ச சித்திரை" என்று அம்மா சொன்னது எவ்வளவு கச்சிதமான பதில் பாருங்கள். ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையில் நடந்தது 1981 ஜனவரியில். அடுத்து வந்த சித்திரை என்றால் 1981 ஏப்ரல், மே. நீங்கள் எழுதிய வருஷம் சரி. நம் பெரியவர்கள் காலண்டரை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. வைகை எக்ஸ்பிரஸ் விட்ட வருஷம் என்பார்கள், அது 1977. மீனாட்சியம்மன் கோயில் கும்பாபிஷேகம் என்றால் 1963-ஆ, 1974-ஆ, 1995-ஆ, 2009-ஆ என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். திண்டுக்கல் தனி மாவட்டமாக நம்மை விட்டுப் பிரியும் முன்னால் என்றால் 1985-க்கு முன்னால். இந்த மாதிரிச் சொற்களை வருஷமாக மாற்றிய பிறகும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். "மாநாடு முடிந்த சித்திரை, 1981" என்று இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். அம்மா காலத்தை எண்ணிய விதம் அதில் இருக்கிறது.

வீட்டில் இருக்கும் காகிதங்களையும் கேட்கலாம். பழைய கல்யாணப் பத்திரிகையில் தமிழ் வருஷம் போட்டிருப்பார்கள். "ஆனந்த வருஷம்" என்றிருந்தால் அது 1974 சித்திரை முதல் 1975 பங்குனி வரை. அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வரும் என்பதால் 1914-ம் ஆனந்த வருஷம்தான். எந்தத் தலைமுறைக் கல்யாணம் என்று பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். பள்ளிக்கூட டிசி, ஜாதகம், பழைய ரேஷன் கார்டு எல்லாம் உதவும். எல்லாவற்றையும் விட நம் பக்கத்தில் பெரிய பொக்கிஷம் மொய் நோட்டு. அதைப் பற்றிக் கொஞ்சம் பிறகு சொல்கிறேன்.

இப்போது எழுதுவதற்கு வருவோம். உங்கள் கடிதத்தில் இருப்பதை மட்டும் வைத்து, அந்த முதல் படத்துக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன். எனக்குத் தெரியாத இடங்களில் புள்ளி விட்டிருக்கிறேன்.

"இது என் அம்மா. சேலை அம்மாவுடையது இல்லை. மாநாடு முடிந்த சித்திரையில், 1981-ல், தமுக்கம் பொருட்காட்சிக்குப் போவதற்காக அத்தாச்சியிடம் ஒரு நாளைக்கு வாங்கிக் கட்டிய சேலை. அதன் நிறம் ........ என்று அம்மா சொல்கிறார். அத்தாச்சியின் பெயர் ........, அம்மாவுக்கு ........ முறை. அப்போது அம்மாவிடம் வெளியே கட்டிப் போக ........ சேலைகள் இருந்தன. 'அன்னைக்கு ஒரு நாளைக்குக் கட்டிக்கிறேன்னு வாங்கிட்டுப் போனேன்' என்கிறார். விமானத்துக்குள் அம்மாவோடு தம்பியும் நானும். எனக்கு அப்போது ஏழு வயது. இந்த நாள் எனக்கு நினைவில் இல்லை. அப்பா படத்தில் இல்லை. அவர் ........"

இதில் நான் எதையும் அலங்கரிக்கவில்லை. உங்கள் கடிதத்தில் இருந்ததைத்தான் வரிசை மாற்றி வைத்தேன். படத்தைப் பார்த்தால் தெரிகிற விஷயத்துக்கு, அம்மா, பிள்ளைகள், அட்டை விமானம் என்பதற்கு, மிகக் கொஞ்சம் வார்த்தைதான் செலவாகியிருக்கிறது. பார்த்தால் தெரியாததுக்குத்தான் மீதி எல்லாம். அம்மாவின் பேச்சை அவர் பேசிய மாதிரியே விட்டிருக்கிறேன். "அன்னைக்கு" என்பதை "அன்றைக்கு" என்று திருத்தாதீர்கள். "அங்கிட்டு", "இங்கிட்டு", "வந்தாக", "போனாக" எல்லாம் அப்படியே இருக்கட்டும். அம்மா குரலைக் கேட்காத ஒரு கொள்ளுப்பேத்தி என்றைக்காவது இதைப் படிப்பாள். அந்தச் சொற்களில்தான் அவளுக்கு அம்மா கேட்பார்.

"எனக்கு நினைவில் இல்லை" என்று எழுதக் கூச்சப்படாதீர்கள். படிப்பவர் உங்களை நம்புவதற்கு அந்த ஒரு வரி போதும். சந்தோஷமாக இருந்தோம், பாசமாக இருந்தோம் என்றெல்லாம் சொல்லவும் தேவையில்லை. கேட்டதும் சேலையை எடுத்துக் கொடுத்தார் என்றால், இரண்டு பேருக்கும் இடையில் என்ன இருந்தது என்பது படிப்பவருக்கே புரிந்துவிடும். ஒருவேளை முகம் சுளித்துக் கொடுத்திருந்தால் அதுவும் கதைதான், அதையும் மறைக்க வேண்டாம்.

கடைசிப் புள்ளியைக் கவனித்தீர்களா? அப்பா ஏன் இந்தப் படத்தில் இல்லை? ஷிப்டு இருந்ததா, வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாரா, மூன்று பேர் உட்காரத்தான் இடம் என்றார்களா, "நீங்க எடுத்துக்கங்க" என்று ஒதுங்கிக்கொண்டாரா? இந்தப் படத்தை நாற்பத்துச் சொச்சம் வருஷம் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தவர் அவர்தான். பழைய குடும்பப் படங்களில் ஒருவர் இல்லையென்றால், காசு கொடுத்தவர் அவராக இருக்கலாம், கேமராவைப் பிடித்தவராகவும் இருக்கலாம், ஊரில் இல்லாதவராகவும் இருக்கலாம். உள்ளே இருப்பவர்களைப் பற்றிக் கேட்டு முடித்ததும், வெளியே இருந்தவர்களைப் பற்றியும் ஒரு கேள்வி கேளுங்கள். அப்பாவைப் பற்றித் தனியாக எழுத உட்கார்ந்தால் கை நடுங்கும். இப்படி ஓரத்தில் வரும்போது எழுதிவிடலாம்.

பெயர் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். நாம் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வளர்ந்தவர்கள் இல்லை. பெரியம்மா, மதினி, அத்தாச்சி, அம்மாச்சி என்று முறை சொல்லியே பழகிவிட்டோம். உங்கள் அம்மாவுக்கு அத்தாச்சி என்றால் உங்களுக்கு அவர் யார், உங்கள் பிள்ளைக்கு யார்? எழுதுகிறவர் மாறினால் முறையும் மாறிவிடும். ஆல்பத்தில் "பெரியப்பா" என்று மட்டும் எழுதி வைத்தால், முப்பது வருஷம் கழித்துத் திறப்பவருக்கு அது யாருடைய பெரியப்பா என்று தெரியாது. அதனால் முழுப் பெயர், ஊர், அம்மாவுக்கோ அப்பாவுக்கோ என்ன முறை என்று மூன்றையும் எழுதுங்கள். மதுரைச் சீமையில் மீனாட்சி என்றும் பாண்டி என்றும் மட்டும் எழுதினால் யாரென்று கண்டுபிடிப்பது? பட்டப்பெயர் இருந்தால் அதையும் சேருங்கள், ஊருக்குள் ஆளை அடையாளம் காட்டுவது அதுதான். பெண்களுக்குப் பிறந்த ஊரையும் எழுதுங்கள். அப்பாவின் மில் நண்பர்கள் கூட்டமாக நிற்கிற படம் ஏதாவது இருந்தால், ஜெராக்ஸ் எடுத்துத் தலைக்கு மேல் எண் போட்டு, எண்ணுக்கு நேரே பெயர் எழுதிச் சேர்த்துவிடுங்கள். வரிசை கலைந்து நிற்கும்போது "இடமிருந்து வலம்" என்பது பலிக்காது.

இனி சித்தப்பா படம்.

அதை விட்டுவிடாதீர்கள். எடுத்து மறைத்தால், என்றோ ஒரு நாள் உங்கள் பிள்ளைகள் கையில் கிடைத்து, விளக்கம் சொல்ல ஆள் இல்லாமல், ஏதோ பயங்கரம் நடந்தது என்று கற்பனை செய்துகொள்வார்கள். ஆனால் அந்தப் பக்கத்தை வழக்கு மன்றமாக்கவும் வேண்டாம். பங்கு யாருக்கு எவ்வளவு, யார் ஏமாற்றியது என்பதை எழுதுகிற இடம் இது இல்லை. அந்தப் படம் அன்றைக்கு உங்களுக்காக எடுத்தது. முதலில் அதை எழுதுங்கள். அன்றைக்கு நீங்கள் கட்டியிருந்த சேலை, தாய்மாமன் கொண்டுவந்த சீர், வெட்கமாக இருந்ததா, பசித்ததா, எல்லாம். பொருட்காட்சி நாள்தான் உங்களுக்கு நினைவில்லை. சடங்கு நாள் நினைவில் இருக்குமே. அப்புறம், தெரிந்ததை மட்டும் நேராகச் சொல்லுங்கள்: "வலது ஓரத்தில் நிற்பவர் என் சித்தப்பா. முகம் பிறகு சுரண்டப்பட்டிருக்கிறது. சுரண்டியது யார் என்று எனக்குத் தெரியாது. இரண்டு வீட்டுக்கும் 30 வருஷமாகப் பேச்சு இல்லை." இந்த நாலு வரி போதும். அதோடு, தகராறுக்கு முந்திய சித்தப்பாவைப் பற்றி உங்களுக்கு நினைவிருக்கிற ஒன்றை எழுதுங்கள். சைக்கிள் பாரில் வைத்துக் கூட்டிப்போனதோ, தேர் பார்க்கத் தோளில் தூக்கிக்கொண்டதோ, எதுவோ ஒன்று. சுரண்டிய முகத்துக்குப் பதிலாக உங்களால் வைக்க முடிந்தது அதுதான்.

மொய் நோட்டைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே, அது இதற்காகத்தான். உங்கள் சடங்குக்கு மொய் எழுதிய நோட்டு எங்கேயாவது பரணில் இருக்கிறதா என்று தேடுங்கள். கோபத்தில் முகத்தைச் சுரண்டியவர்கள்கூட மொய் நோட்டைக் கிழித்திருக்க மாட்டார்கள். அது திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு, கைவைக்க யாருக்கும் மனசு வராது. யார் யார் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எவ்வளவு செய்தார்கள் என்று அத்தனையும் அதில் இருக்கும். படத்தில் பெயர் தெரியாத முகங்களுக்கு அதிலிருந்து பெயர் கண்டுபிடிக்கலாம். இன்னொன்றும் பாருங்கள். விசேஷ வீடுகளில் மொய் எழுத உட்காருவது பெரும்பாலும் நம்பிக்கையான பங்காளிதான். அந்த நோட்டில் இருப்பது சித்தப்பாவின் கையெழுத்தாகக்கூட இருக்கலாம். அப்படி இருந்தால், ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து அந்தப் படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். மொய்த் தொகைகள் அடுத்தவர் விஷயம், அதனால் அந்தப் பத்தியை மறைத்துவிடலாம்.

விசேஷத்துக்குப் படம் எடுத்தால் இரண்டு மூன்று பிரதி போட்டு உறவுகளுக்குக் கொடுப்பார்கள். சித்தப்பா வீட்டில் சுரண்டாத பிரதி ஒன்று இருக்க வாய்ப்பு உண்டு. போய்க் கேளுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அது உங்கள் வீட்டு நிலவரம் தெரிந்தவர்கள் எடுக்க வேண்டிய முடிவு. ஆனால் அவர் பிள்ளைகள் யாரோடாவது உங்களுக்கு வாட்ஸ்அப் அளவுக்காவது தொடர்பு இருந்தால், பழைய போட்டோ கேட்பதில் ஒரு தவறும் இல்லை. நிலம் கேட்கப் போகவில்லையே. எழுதியதை ஆல்பத்தில் சேர்ப்பதற்கு முன் அம்மாவிடம் ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள். அம்மா வேண்டாம் என்றால், படத்தை வைத்து, பெயரை மட்டும் எழுதி, மீதியை ஒரு உறையில் போட்டுத் தேதி எழுதி மூடி வையுங்கள். அம்மா இருக்கும்வரை அம்மாவின் சொல்தான்.

140 படத்துக்கும் கதை எழுத வேண்டாம். யாராலும் முடியாது, பத்தாவது படத்திலேயே களைத்து வைத்துவிடுவீர்கள். பார்த்ததும் அம்மா வாய் திறக்கிற படங்களாகப் பார்த்து இருபது, இருபத்தைந்து எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்குப் பெயர், ஊர், வருஷம் போதும். கதையும் நீளமாக வேண்டாம், ஸ்கிராப்புக்கின் ஒரு பக்கத்தில் அடங்கட்டும். உங்கள் கையாலேயே எழுதுங்கள். கையெழுத்து சரியில்லை, ர, ற தடுமாறும் என்று தயங்காதீர்கள். தமிழ் தெரிந்த யாராவது ஒருவரிடம் ஒரு முறை காட்டினால் எழுத்துப்பிழை போய்விடும். உங்கள் கையெழுத்து போன பிறகு திரும்பக் கிடைக்காது.

ஒட்டுவதைப் பற்றிச் சுருக்கமாக. அசல் படங்களை ஸ்கிராப்புக்கில் ஒட்டாதீர்கள். ஃபெவிகாலும் செல்லோடேப்பும் படத்தைக் கறையாக்கும், பிறகு எடுக்கவும் முடியாது. 600 டிபிஐ நுணுக்கத்தில் ஸ்கேன் எடுத்து, அதிலிருந்து போட்டோ பிரிண்ட் போட்டு அதை ஒட்டுங்கள். அசல்களை மடிப்பில்லாமல் காகித உறைகளில் போட்டு, ஈரமும் கரையானும் அண்டாத அலமாரியில் வையுங்கள். பரணும் டிரங்குப் பெட்டியும் வேண்டாம், வெயில் காலத்தில் அந்தச் சூடு ஆகாது. அசலின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கத்தில் தடம் விழும். மெத்தென்ற பென்சிலால் ஓரத்தில் லேசாக எண் மட்டும் போடுங்கள். பிளாஸ்டிக் தாளைத் தூக்கி ஒட்டுகிற பழைய ஆல்பத்தில் ஏதாவது படம் ஒட்டிக்கொண்டிருந்தால் நகத்தால் பிய்க்காதீர்கள். முதலில் அந்தப் பக்கத்தை அப்படியே போட்டோ எடுத்துக்கொண்டு, பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெல்ல அறுத்து எடுக்கலாம். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிப்போன படத்தைத் தொடவே வேண்டாம், கண்ணாடியோடு ஸ்கேன் செய்துவிடுங்கள். எண்பதுகளின் கலர் படங்கள் சிவந்துபோயிருந்தால் பயப்படாதீர்கள், அந்தக் காலப் பிரிண்ட்டில் நீலப்பச்சைச் சாயம் சீக்கிரம் மங்கிவிடும். அந்தப் படங்களிலும் சேலை நிறத்தைப் படத்தை நம்பி எழுதாமல் அம்மாவிடமே கேளுங்கள்.

ஸ்கிராப்புக்கை இப்போதைக்கு உள்ளே வையுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு படத்தை மட்டும் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு, காபி நேரத்தில் அம்மா பக்கத்தில் போய் உட்காருங்கள். "அந்தச் சேலையத் திருப்பிக் குடுக்கும்போது அத்தாச்சி என்னம்மா சொன்னாக?" என்று கேளுங்கள்.